அப்பாவின் கணினியில் விளம்பரத் தொல்லை: வேரோடு களைய ஒரு முழுமையான வழிகாட்டி

திரையின் வலது கீழ் மூலையில் அடிக்கடி ஒரு பெட்டி எழும்பி, ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன’ என்று மிரட்டுகிறது. கூகுளில் தேடினால் கேள்விப்படாத வேறொரு தேடுபொறி வந்து நிற்கிறது. செய்தித்தளத்தைத் திறந்தால் கூடவே சூதாட்ட விளம்பரம் ஒன்று தனிப்பக்கமாகத் திறந்துகொள்கிறது. அப்பாவோ பெரியம்மாவோ மாமனாரோ இப்படி ஏதாவது சொல்லி உங்களை அழைத்தால், அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஆட்வேர் எனப்படும் விளம்பர மென்பொருள். கோப்புகளை அழிப்பதில் அதற்கு அக்கறை கிடையாது. விளம்பரத்தைக் காட்டி, தேடலைத் திசைதிருப்பி, ஒவ்வொரு சொடுக்கிலும் யாருக்கோ காசு சேர்த்துக்கொடுப்பதுதான் அதன் வேலை.

வைரஸ் கதவை உடைத்துக்கொண்டு வரும். இது கதவைத் தட்டி, ‘உள்ளே வரலாமா’ என்று புரியாத மொழியில் கேட்டு, சரி என்று சொல்லவைத்து வருகிறது. அனுமதி கொடுத்தாயிற்று என்பதால் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பல நேரங்களில் இதைக் கண்டுகொள்வதில்லை. அந்த அனுமதிகள் எங்கெங்கே கொடுக்கப்பட்டன என்று தேடிப்போய் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவதுதான் நம் வேலை. விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் வீட்டுக் கணினியை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

சர்வீஸ் கடையில் கொடுத்தால், ‘ஃபார்மட் போட்டுவிடலாம் சார்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படங்களும், பதிவிறக்கி வைத்த பட்டா, வில்லங்கச் சான்றுப் பிரதிகளும் போய்விடும் அபாயம் ஒருபுறம். ஃபார்மட்டுக்குப் பிறகு உரிமம் இல்லாத விண்டோஸையும் ஆபிஸையும் போட்டுக்கொடுப்பது சில கடைகளில் வழக்கம் என்பது இன்னொருபுறம். அவற்றை ஓடவைக்கும் ‘ஆக்டிவேட்டர்’ நிரல்கள் முதல் வேலையாக விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளை அணைக்கச் சொல்கின்றன. தொல்லை நீங்கிவிட்டதென்று நினைத்துக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவருவோம். காவல் இல்லாத கணினியாக அது வந்திருக்கும்.

கணினியைத் தொடுவதற்கு முன்னால் பெரியவரிடம் பேசுங்கள். ‘எதைத் தொட்டீர்கள்?’ என்று கேட்டால், ‘நான் ஒன்றும் தொடவில்லையே’ என்றுதான் பதில் வரும். ‘அப்பா, நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. இது எப்போதிலிருந்து வருகிறது? அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன வேலையாக எதைத் தேடினீர்கள்?’ என்று கேட்டுப்பாருங்கள். பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற, வானவில் அல்லது பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கடிதத்தை யூனிகோடாக்க, ஜாதகம் கணிக்க, பிரிண்டருக்கு டிரைவர் போட என்று நியாயமான ஒரு தேவை வெளியே வரும். தோராயமான தேதி, தேவை இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இன்றைக்கே உதவும். தேவை கடைசியில் உதவும்.

அவர் தவறு செய்யவில்லை என்று நான் அழுத்திச் சொல்வது ஆறுதலுக்காக அல்ல. 2014, 2015 ஆண்டுகளில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருள் விற்பனைக்கு வரும்போதே பதிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணையத்தளங்களின் மறையாக்கத்துக்குள்ளும் (என்கிரிப்ஷன்) அது புகுந்து விளம்பரம் செருகியது. 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் பதிவிறக்கத் தளம், புகழ்பெற்ற இலவச ஓவிய மென்பொருளான ஜிம்ப்பின் விண்டோஸ் பதிப்பை வேறு விளம்பரச் சலுகைகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. புதிதாக வாங்கிய பெட்டியிலும், தொழில்நுட்பம் தெரிந்தவர்களே நம்பிய தளத்திலும் இப்படி நடந்திருக்கும்போது, எழுபது வயதுக்காரர் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திவிட்டார் என்று கோபித்துக்கொள்வது அநியாயம். திட்டு வாங்கிய பெரியவர் அடுத்த முறை பிரச்சினை வந்தால் உங்களிடம் சொல்லமாட்டார். அதுதான் பெரிய ஆபத்து.

பேசி முடித்ததும் முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ பிரதி எடுங்கள். படங்களும் ஆவணங்களும் மட்டும் போதும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் நிறுவல் கோப்புகளைத் தொடவேண்டாம். தொல்லையே அதற்குள் இருக்கலாம்.

முதல் படி: அறிவிப்புகளை நிறுத்துதல்

பத்து நிமிடத்தில் பாதித் தொல்லை குறைவது இங்கேதான் என்பதால் இதில் தொடங்குகிறேன்.

மூலையில் எழும்பும் அந்த ‘வைரஸ்’ பெட்டியை விரட்டாமல் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். வைரஸ் தடுப்பு நிறுவனம் ஒன்றின் சின்னம்போல் ஒரு படமும் இருக்கலாம். அவற்றோடு சின்ன எழுத்தில், எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு இணைய முகவரியும், பக்கத்திலோ கீழேயோ ‘கூகுள் குரோம்’ அல்லது ‘மைக்ரோசாஃப்ட் எட்ஜ்’ என்ற பெயரும் தென்படும். அந்தப் பெயரைக் கண்டால் விஷயம் புரிந்துவிடும்: கணினியை யாரும் பரிசோதிக்கவில்லை. ஏதோ ஒரு இணையத்தளம் உலாவி வழியாக அனுப்பும் விளம்பரம் அது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் பொத்தானை அழுத்தவும்’ என்றோ, ‘வீடியோவைக் காண அலவ் அழுத்தவும்’ என்றோ கேட்டிருப்பார்கள்; அழுத்தியாயிற்று. ஒரே ஒரு சொடுக்குதான். நிரல் எதுவும் கணினியில் இறங்கவில்லை. அதனால்தான் எந்த ஸ்கேன் போட்டாலும் ஒன்றும் அகப்படுவதில்லை.

குரோமில் மேல் வலது மூலையின் மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > சைட் செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ்’ வரை போங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். பெரியவர் உண்மையில் விரும்புகிற தளம் ஏதாவது உண்டா என்று அவரிடமே கேட்டு அதை விட்டுவைத்து, மற்ற ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளில் ‘பிளாக்’ கொடுங்கள். ‘ரிமூவ்’ கொடுத்தால் அந்தத் தளம் அடுத்த முறை மறுபடியும் அனுமதி கேட்கும். ‘பிளாக்’ கொடுத்தால் கேட்காது. அதே பக்கத்தின் மேற்பகுதியில், எந்தத் தளமும் இனி அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வும் இருக்கிறது. பெரியவர்கள் புழங்கும் கணினியில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். செய்தித்தள அறிவிப்பு வராமல் போனதால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை.

எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இதே அமைப்பு தனியுரிமை, தள அனுமதிகள் பகுதிக்குள் இருக்கிறது. குரோமை மட்டுமே பயன்படுத்துகிறேன் என்று அவர் சொன்னாலும் எட்ஜையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். விண்டோஸ் சில இணைப்புகளைத் தானாகவே எட்ஜில் திறக்கும். அனுமதி அங்கேயும் போயிருக்கலாம்.

இரண்டாம் படி: தேவையற்ற நிரல்களை நீக்குதல்

உலாவியில் ஒட்டிக்கொண்ட நீட்சியை (எக்ஸ்டென்ஷன் எனப்படும் சிறு துணைநிரலை) முதலில் நீக்கவே கை போகும். பொறுங்கள். பின்னணியில் ஒரு நிரல் இருந்தால், கணினியை அடுத்த முறை இயக்கும்போது அதே நீட்சியை அது மறுபடியும் போட்டுவிடும். நிரலை முதலில் அகற்ற வேண்டும்.

‘செட்டிங்ஸ் > ஆப்ஸ் > இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ திறந்து, பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். விண்டோஸ் 10இல் அது ‘ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’. தாளில் குறித்த தேதி இப்போது கைகொடுக்கும். தொல்லை தொடங்கிய நாளையொட்டி, ஒரே நாளில் மூன்று நான்கு நிரல்கள் இறங்கியிருப்பதைப் பலமுறை பார்க்கலாம். ஒன்று அவர் தேடிப் போட்டது. மற்றவை கூட வந்தவை. பிடிஎஃப் மாற்றி, வேகம் கூட்டும் ‘கிளீனர்’, டிரைவர் அப்டேட்டர், கூப்பன் காட்டுவது, பெயரே கேள்விப்படாத உலாவி ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். 2025இல் ‘ஆப்சூட் பிடிஎஃப் எடிட்டர்’ என்ற இலவச நிரல் தேடுபொறி விளம்பரங்கள் மூலம் பரவி, சில வாரங்கள் சாதுவாக இருந்துவிட்டு, பிறகு உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களைத் திருடத் தொடங்கியது. சாதாரண அலுவல் கருவியின் பெயரில் வருவதெல்லாம் சாதுவாக இருக்கவேண்டும் என்பதில்லை.

அடையாளம் தெரியாத பெயரை உடனே நீக்கிவிடாதீர்கள். இன்டெல், ரியல்டெக், என்விடியா, கணினித் தயாரிப்பாளரின் பெயர், மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று தொடங்குபவை இருக்கவேண்டியவை. மற்றவற்றைப் பெரியவரிடம் படித்துக்காட்டி, ‘இதை வைத்து ஏதாவது செய்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு நீக்குங்கள். அவருடைய பஞ்சாங்க மென்பொருளை நீக்கிவிட்டு, கணினியைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

நீக்கும் பெட்டியிலும் சூழ்ச்சி உண்டு. பளிச்சென்று பச்சையில் இருக்கும் பெரிய பொத்தான் ‘வைத்துக்கொள்’ என்பதாகவும், நீக்குவதற்கான வழி சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகவும் இருக்கும். கேள்வியையே தலைகீழாகக் கேட்பதும் உண்டு. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு அழுத்துங்கள்.

மூன்றாம் படி: அலசிப் பார்த்தல்

கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியதற்கு இரண்டு கருவிகள் போதும்.

ஒன்று, மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர். இலவசம், நிறுவத் தேவையில்லை, விளம்பர மென்பொருளுக்கென்றே எழுதப்பட்டது. பாதிக்கப்பட்ட கணினியில் இதைத் தேடிப் பதிவிறக்காதீர்கள். தேடல் முடிவுகளே திசைதிருப்பப்படும் கணினி அது. போலிப் பதிப்பு கிடைக்கலாம். உங்கள் கணினியில் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் எடுத்துச்செல்லுங்கள். ஸ்கேன் முடிந்ததும் வரும் பட்டியலைப் பார்த்து, தனியே அடைத்துவைக்கும் ‘குவாரன்டைன்’ கொடுங்கள். தவறாக ஏதாவது சிக்கிவிட்டால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். கணினியோடு தயாரிப்பாளர் தந்த நிரல்களைத் தனிப் பட்டியலாகக் காட்டும், அவற்றை விட்டுவிடலாம்.

இரண்டாவது, விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர். ‘விண்டோஸ் செக்யூரிட்டி > வைரஸ் அண்ட் திரட் புரொடெக்‌ஷன்’ திறந்து, ஸ்கேன் போடுவதற்கு முன்னால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். டிஃபெண்டர் எதைப் பார்க்கக்கூடாது என்ற பட்டியல் அது. வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்கவேண்டும். முழு சி டிரைவையே அதில் சேர்த்துவைத்திருந்தால், இத்தனை நாளாக ஸ்கேன் எதையும் பிடிக்காததற்கு அதுவே காரணம். அதை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் போடுங்கள். பிறகு ஆஃப்லைன் ஸ்கேன்: கணினி தானாக மறுதொடக்கமாகி, சுமார் 15 நிமிடத்தில் முடியும். இதற்காகப் புதிதாக மூன்று வைரஸ் தடுப்பு நிரல்களைப் போட்டு அடுக்காதீர்கள். அவை ஒன்றோடொன்று மோதிக் கணினியைப் படுக்கவைத்துவிடும்.

குரோமுக்குள்ளேயே ‘கிளீன் அப் கம்ப்யூட்டர்’ என்ற வசதி இருப்பதாகப் பழைய வீடியோக்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கூகுள் அதை 2023இல் எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான்காம் படி: உலாவியைச் சீராக்குதல்

குரோமில் புதிர்த்துண்டு வடிவச் சின்னத்தை அழுத்தி நீட்சிகளின் பட்டியலைத் திறங்கள். என்ன வேலைக்கென்று விளக்கமுடியாத எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பிறகு ‘செட்டிங்ஸ்’ உள்ளே தேடுபொறி எது, உலாவி திறந்ததும் எந்தப் பக்கம் வரவேண்டும் என்ற இரண்டையும் சரிபாருங்கள். இதுவும் போதாவிட்டால் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுக்கலாம். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் போகாது.

சில நீட்சிகளுக்கு நீக்கும் பொத்தானே இருக்காது. நிர்வாகி நிறுவியது என்று காட்டும். மூன்று புள்ளி மெனுவின் அடியில், இந்த உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் கணினியை எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது? பெரிய அலுவலகங்களுக்கென்று குரோம் தரும் வசதியை விளம்பர மென்பொருள் தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. சில வைரஸ் தடுப்பு நிரல்களும் முறையாகவே இப்படிச் செய்வதுண்டு என்பதால், அப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆட்வ்கிளீனரின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் குரோம் பாலிசிகளை, அதாவது அந்த நிர்வாகக் கட்டுப்பாடுகளை, ரீசெட் செய்யும் தேர்வை இயக்கி, மறுபடி ஒருமுறை ஓடவிடுங்கள். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் தேவை பெரும்பாலும் வராது.

இத்தனைக்குப் பிறகும் குரோமைத் திறந்ததும் பழைய விளம்பரப் பக்கமே வந்தால், டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் சின்னத்தின் மேல் வலது சொடுக்கு செய்து ‘பிராப்பர்டீஸ்’ திறங்கள். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் நீளமான ஒரு வரி இருக்கும். அந்தப் பெட்டிக்குள் சொடுக்கி, ‘எண்ட்’ விசையை அழுத்தி வரியின் கடைசிக்குப் போங்கள். குரோம் புள்ளி எக்ஸி என்று முடிந்து, மேற்கோள் குறி மூடியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு இரண்டு கோடுகளோடு தொடங்கும் புரொஃபைல் பெயர் இருந்தால் குற்றமில்லை. இணைய முகவரி ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான் நீங்கள் தேடியது. கட்டம் குறுகலாக இருப்பதால் அது கண்ணுக்குப் படாமலே ஒளிந்திருக்கும். அழித்துவிட்டு ‘ஓகே’ கொடுங்கள். டாஸ்க்பாரில் இருக்கும் சின்னம் தனி. அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துங்கள்.

இன்னும் மூன்று இடங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தெரியாத நிரல் இருந்தால் முடக்குங்கள். ‘டாஸ்க் ஷெட்யூலர்’ பட்டியலில், குறித்த நேரத்துக்கு உலாவியை ஒரு முகவரியோடு திறக்கும் வேலை இருந்தால் அழியுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில், இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பும் ‘பிராக்ஸி’ கைமுறையாக இயக்கப்பட்டிருந்தால் அணையுங்கள். வீட்டு இணைப்புக்கு அது தேவைப்படுவதில்லை.

போன் எண்ணோடு திரை முழுவதும் வரும் எச்சரிக்கை

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இங்கே தொல்லை எல்லை தாண்டித் திருட்டாகிறது. திரை முழுவதையும் ஆக்கிரமித்து, குரலில் மிரட்டி, ‘உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒரு பக்கம் சொல்லும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் ஒருபோதும் தொலைபேசி எண் இருக்காது. இந்த ஒரு வாக்கியத்தைப் பெரியவர் மனத்தில் பதியவைத்தால் போதும். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப்பிடித்தால் முழுத்திரை விலகும். ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்தி மூடலாம். ஒன்றும் நடக்காவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப்பிடித்து அணைத்துவிடச் சொல்லுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்துவிட்டாரா, தொலைவிலிருந்தே கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க்போல் எதையாவது நிறுவச் சொன்னார்களா என்று மென்மையாகக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து, அந்த நிரலை நீக்கி, வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அன்றைக்கே அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

மீண்டும் வராமல் பார்த்துக்கொள்ளுதல்

முதலில் கடவுச்சொற்கள். ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வாங்கிய நீட்சி, அவர் தட்டச்சு செய்ததையும் பார்த்திருக்க முடியும். மின்னஞ்சல், வங்கி இரண்டின் கடவுச்சொற்களையும் சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அடுத்து, என் கணிப்பில் எல்லாவற்றையும்விடப் பயன் தருவது: அவருடைய கணக்கை ‘ஸ்டாண்டர்ட்’ கணக்காக மாற்றுவது. ‘செட்டிங்ஸ் > அக்கவுன்ட்ஸ்’ வழியாக முதலில் ஒரு புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கி, அதற்குள் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அதன்பிறகே பழைய கணக்கின் வகையை மாற்றுங்கள். கணினியில் நிர்வாகிக் கணக்கு ஒன்றாவது எப்போதும் இருக்கவேண்டும். இனி பெரும்பாலான நிரல்கள் இறங்கும்போது கடவுச்சொல் கேட்கும். அவர் உங்களுக்குப் போன் செய்வார். அவரை நம்பாததுபோல் தோன்றலாம் என்பதால் சொல்லாமல் செய்யவேண்டாம். ‘இந்தப் பெட்டி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், அப்பா. நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று விளக்கிவிடுங்கள். நிர்வாகி அனுமதி கேட்காமலே இறங்கும் சில நிரல்களுக்கு, ஆப்ஸ் செட்டிங்ஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் நிறுவலாம் என்ற கட்டுப்பாடு உதவும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதிக்குள், விரும்பத்தகாத நிரல்களைத் தடுக்கும் அமைப்பையும் இயக்கிவையுங்கள். விளம்பரத் தடுப்புக்கு ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின், குரோமில் யுபிளாக் ஆரிஜின் லைட். இலவசப் பதிவிறக்கம் என்று பொய்ப் பொத்தான் காட்டும் விளம்பரங்களில் பெரும்பாலானவை அதிலேயே மறைந்துபோகும்.

இப்போது தாளில் குறித்த தேவைக்கு வாருங்கள். அதை நிறைவேற்றாமல் விட்டால் அவர் மறுபடி தேடத்தான் போகிறார். பிடிஎஃப்பைத் திருத்த வேண்டுமானால், வேர்ட் 2013உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் நேரடியாகவே திறக்கும். தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸின் மொழி அமைப்பிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை. வங்கி, மின்கட்டணம், ரயில் முன்பதிவு, பத்திரப்பதிவுத் துறை என்று அவர் போகும் தளங்களை நீங்களே சரியான முகவரியில் திறந்து, புக்மார்க் வரிசையில் தமிழ்ப் பெயரோடு வையுங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வரும் போலித் தளங்களை அவர் சந்திக்கவே வேண்டியிருக்காது.

எதற்கும் மசியவில்லை என்றால்

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தால் ‘ரீசெட் திஸ் பிசி’ தான் வழி. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் ஆவணங்கள் இருக்கும். வெளியிலிருந்து போட்ட நிரல்கள் எல்லாம் போய்விடும். அவற்றின் பெயர்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பிரதி ஏற்கெனவே எடுத்தாயிற்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி தாங்குமென்றால் இதே சமயத்தில் 11க்கு மாற்றிவிடுவது நல்லது.

ரீசெட் முடிந்த கணினியில் அவருடைய கூகுள் கணக்கைக் குரோமில் போடுவதற்கு முன்னால், அதே கணக்கு வீட்டில் வேறு மடிக்கணினியில் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீட்சிகள் கணக்கோடு சேர்ந்தே பயணம் செய்யும். அந்த மடிக்கணினியில் நீக்கிவிட்டு இங்கே உள்நுழையுங்கள். இல்லையென்றால் இன்றைக்கு இரவே அந்த நீட்சி திரும்பி வந்திருக்கும்.